சக்கை ஓட்டிய நிலம்

"அப்படியே கொட்டி ஓட்டிடுண்ணா."

மூன்றே வார்த்தை. போனில் சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் என் வலது கையைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். எப்படியும் அந்தக் கையால் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை.

நான் திருப்பதியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவள். விவசாயிகள் பையில் கொண்டுவரும் மண்ணைக் காயவைத்து, சலித்து, குடுவையில் போட்டு, அதில் கரிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அமிலம் ஊற்றிவிட்டு மேலிருந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பச்சையாக இருக்கிற கரைசல் ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று செங்கல் நிறத்துக்கு மாறும். அந்தச் சொட்டைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும். அண்ணன் போன் செய்தபோது நான் அந்தச் சொட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன். சொட்டைத் தவறவிடவில்லை. அதில் எனக்கு அன்றைக்குப் பெருமை வேறு.

அண்ணன் ஊரோடு தங்கிவிட்டவர். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் நிலம். வருடக்கணக்காகக் கரும்பு போட்டு, வெட்டி முடித்ததும் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்தி, மறுபடி கரும்பு போட்டு, மறுபடி கொளுத்திய நிலம். மாடுகளை விற்றுப் பல வருடம் ஆகிறது. எரு என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது. அந்த மண்ணை நானே எடுத்துவந்து நானே பரிசோதித்தேன். கரிமம் என்ற கட்டத்தில் 'குறைவு' என்று எழுதினேன். குறைவுக்குக் கீழே இன்னொரு வார்த்தை இருந்திருந்தால் அதை எழுதியிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் சூளைக்காரர் வந்தார். பக்கத்து ஊரில் செங்கல் சூளை வைத்திருப்பவர், தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். மேல்மண்ணை இரண்டு அடி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், நிலம் உங்களுடையதாகவே இருக்கும், கீழ்மண்ணில் நீங்கள் பயிர் வைத்துக்கொள்ளலாம் என்றார். சுற்றிலும் நாலைந்து பேர் அப்படிக் கொடுத்திருந்தார்கள். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மரியாதையான மனிதர், அண்ணியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவி வைக்கிறவர். அவரைத் திட்ட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

அண்ணன் ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டேன்.

"செத்த மண்ணுமா அது," என்றார் அண்ணன். "செத்ததைக் குடுக்கிறதுல இன்னா தப்பு கீது?"

சாகவில்லை, பட்டினி கிடக்கிறது என்றேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த மேல்மண்ணில்தான் கோடிக்கணக்கில் இருக்கின்றன. உதிர்ந்த இலை, அறுந்த வேர், சாணம் எல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு. தின்று, மூச்சுவிட்டு, மிச்சத்தைக் கறுப்பாக மண்ணிலேயே விட்டுவைக்கும். செத்த இலைக்குள் பூட்டிக்கிடக்கிற தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, உடைத்து வேருக்குக் கொடுப்பதும் அவைதான். நாம் சோகையைக் கொளுத்தியபோது அவற்றின் சோற்றைத்தான் கொளுத்தினோம். இரண்டு அடியை வாரிக்கொடுத்தால் அவை இருக்கிற வீட்டையே வாரிக்கொடுத்த மாதிரி. கீழே இருப்பது வெறும் சரளை மொரம்பு. இப்படியெல்லாம் பேசினேன். தினம் வருகிற விவசாயிகளிடம் பேசிப்பேசி எனக்கு வாய் நன்றாக ஓடும்.

அண்ணன் என்னை நம்பினார். வீட்டிலேயே படித்தவள் நான் ஒருத்திதான். ஒரு பயிர் பார்க்கலாம் என்றார். அதுவரை பொறுக்கமுடியுமா என்று சூளைக்காரரைக் கேட்டார். எதுவரைக்கும் என்று அவர் கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பொங்கல் வரைக்கும். பொங்கலுக்குள்ள நீங்களே வந்து கத்திரிக்காய் பறிச்சுக்கினு போவீங்க பாருங்க."

அவர் சிரித்தார். சரி, பொங்கல் முடிந்து வருகிறேன், காய் இல்லையென்றால் மண் என்றார். அண்ணன் தலையாட்டினார். ஆக, கெடுவும் நான் வைத்ததுதான்.

மண்ணுக்குச் சாப்பாடு வேண்டும், எரு இல்லை. எங்கள் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொட்டாய்கள் உண்டு. கரும்பைப் பிழிந்த சக்கையைக் காயவைத்து அடுப்பில் எரிப்பார்கள். ஒரு கொட்டாயில் மழை புகுந்து சக்கை மொத்தமும் நனைந்து எரிக்க உதவாமல் கிடந்தது. எடுத்துக்கொண்டு இடத்தைக் காலிசெய்தால் போதும் என்றார்கள். டிராக்டரில் ஆறு நடை அடித்து அண்ணன் நிலத்து ஓரத்தில் குவித்தார். வாயில் போட்டுப் பார்த்தால் இன்னும் லேசாக இனித்தது. எறும்பு மொய்த்தது.

என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சக்கை ஓர் அடுக்கு, சாணக் கரைசல், அதன்மேல் மண், மறுபடி சக்கை. ஈரம் காயாமல் நாலு மாதம் மட்கவேண்டும். இந்தப் பயிருக்குக் கடையில் வாங்கும் எரு கொஞ்சம், அடுத்த பயிருக்கு மட்கிய சக்கை. சரியான தாள்தான் அது. அண்ணன் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் இன்னமும் செருகியிருக்கிறது.

ஐப்பசியில் மழை இறங்கிவிட்டது. நாற்று தயாராக நின்றது. டிராக்டர்காரன் இன்றைக்கு விட்டால் பத்து நாளைக்கு வரமாட்டேன் என்றானாம். சக்கைக் குவியல் டிராக்டருக்கு வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, குவித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, என்ன செய்வது என்று கேட்கத்தான் அண்ணன் போன் செய்தார். நான் சொட்டைப் பார்த்துக்கொண்டே அந்த மூன்று வார்த்தையைச் சொன்னேன்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே. பச்சைச் சக்கையை அப்படியே மண்ணில் ஓட்டினால் என்ன ஆகும் என்று நானே எத்தனை விவசாயிகளுக்கு உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன்! சொந்த அண்ணனுக்குச் சொல்லும்போது மூளையை எங்கே அடகு வைத்தேனோ.

நாற்று நட்ட மூன்றாவது வாரம் அண்ணி போட்டோ அனுப்பினார். அடியிலைகள் மஞ்சள். மழை நின்றால் சரியாகிவிடும் என்று எழுதினேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடியிலையிலிருந்து மஞ்சள் ஏறுகிறது என்றால் தழைச்சத்து இல்லை என்று அர்த்தம். ஏன் இல்லை என்பதற்கும் என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

அண்ணன் யூரியாவுக்கு வரிசையில் நின்று வாங்கிவந்து போட்டார். நாலு நாள் பச்சை கட்டிய மாதிரி இருந்தது. அப்புறம் பழையபடி மஞ்சள். மறுபடி வாங்கிப் போட்டார். கார்த்திகை முடிந்தும் செடிகள் ஒரு சாண் உயரத்திலேயே நின்றன. பக்கத்து நிலத்துக் கத்திரி அப்போது பூ வைத்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று, திருப்பதி வைத்தியம் எப்படி என்று கேட்டாராம். அண்ணன் இதை என்னிடம் சொல்லவில்லை. அண்ணிதான் சொன்னார்.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கூடத்தில் யாரோ ஒருவரின் மண்ணை, சலித்ததை மறந்து, மறுபடி சலிப்பேன். சோறு இறங்காது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதிக்கு வெளியே ஒரு மாட்டுக்கொட்டகையில் கெஞ்சி, இரண்டு பெரிய கேன் நிறையக் கோமியம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோமியத்தில் தழைச்சத்து உண்டு. ஒன்றரை ஏக்கருக்கு இரண்டு கேன் எந்த மூலைக்கு என்று கணக்குத் தெரியாதவளா நான்? தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கேனின் மூடி சரியில்லை. வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப ஒழுகியது. முன்சீட்டில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போனார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டுத் தெலுங்கில் என் குடும்பத்தையே விசாரித்தார். வடமாலபேட்டையில் கேன்களோடு என்னை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். டிவிஎஸ்ஸில் வந்தார். புடவையெல்லாம் நாற்றத்தோடு ரோட்டோரம் நின்ற என்னைப் பார்த்து அவர் சிரித்திருக்கலாம். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"போட்டதெல்லாம் எங்கம்மா போவுது? எவன் துன்றான்?"

அங்கேயே, புளியமரத்தடியில், சொன்னேன். அந்த உயிர்கள்தான் தின்கின்றன அண்ணா. சக்கை அவற்றுக்குச் சோறு. சோறு மட்டும் போதாது, குழம்பும் வேண்டும், தழைச்சத்துதான் குழம்பு. நாம் மலை மாதிரி சோற்றைக் கொட்டிவிட்டோம், குழம்பு ஊற்றவில்லை. வருடக்கணக்கில் பட்டினி கிடந்ததுகள் ஒரே நாளில் ஆயிரம் மடங்காகப் பெருகிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டன. மண்ணில் இருந்த குழம்பையெல்லாம் ஊற்றிக்கொண்டன. நீ போட்ட யூரியாவையும் ஊற்றிக்கொண்டன. முதல் பந்தியிலேயே அவை உட்கார்ந்ததால் செடிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"அப்போ போயிடுச்சா?"

போகவில்லை என்றேன். அவற்றின் உடம்பில்தான் இருக்கிறது. சோறு தீர்ந்ததும் பாதிக்குமேல் செத்துப்போகும். அப்போது எல்லாம் மண்ணுக்குத் திரும்பி வரும், செடிக்குக் கிடைக்கும். போட்ட ஒரு பிடி யூரியாகூட முழுசாக வீணாகாது.

"எப்போ வரும்?"

அவர் கேட்டதில் கோபமே இல்லை. நான் மழை எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பார்க்கவேண்டும் என்று ஏதோ உளறினேன். தையில் வரலாம், மாசியில் வரலாம். அப்புறம்தான் சொன்னேன், அப்படியே ஓட்டச் சொன்னது என் தப்பு, மட்கவிட்டிருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும் என்று.

அண்ணன் கேனைக் கால் வைக்கிற இடத்தில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். "நீ வேலையில இருந்த. நான்தான் போன் பண்ணிக்கினு இருந்தேன்," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்குத்தான் நிலத்தைப் பார்த்தேன். போட்டோவில் பார்த்ததைவிட மோசம். ஆனால் வரப்போரமாக, அதே சக்கை ஓட்டிய மண்ணில், அண்ணி ஒரு வரிசை காராமணி ஊன்றியிருந்தார், வீட்டுக் குழம்புக்கு. அது கரும்பச்சையாகப் படர்ந்து கிடந்தது. ஒரு கொடியைப் பிடுங்கினேன். வேர் நெடுக மணிமணியாக முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே ரத்தச் சிவப்பு. காற்றிலிருக்கிற தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிற உயிர்கள் அந்த முடிச்சுக்குள் குடியிருக்கின்றன. காராமணி பந்திக்குக் காத்திருக்கவில்லை, வேரிலேயே சொந்தச் சமையல்.

அண்ணனை இழுத்துவந்து காட்டினேன். பாருண்ணா, மண்ணில் விஷம் இல்லை, நோய் இல்லை, உயிர் இருக்கிறது, முன்னே எப்போதும் இருந்ததைவிட இப்போதுதான் இருக்கிறது, ஒரே ஒரு மாதம் பொறு என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அண்ணன் அந்த முடிச்சை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் நம்புறேம்மா. ஆனா பொங்கல்னு வாக்கு குடுத்துட்டமே."

வாக்கு கொடுத்தது நான், நீ இல்லை என்றேன். அண்ணியும் வந்து நின்றார். நீ சொன்னால் என்ன, அவர் சொன்னால் என்ன, ஒரே வீட்டு வாய்தானே என்றார். ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலைக்குப் போகிற அண்ணன் மகன் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டானாம்: அத்தையைக் கேட்டு ஒரு போகம் போனது போதும். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் என்ன பொய் இருக்கிறது?

சூளைக்காரருக்கு நானே போன் செய்தேன். ஒரு மாதம் தவணை கேட்டேன், கேட்டேன் என்பதைவிட அழுதேன் என்று சொல்லலாம். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். தையில் மண் எடுத்துக் கல் அறுத்தால்தான் வெயில் காலத்துக்குள் சூளை வைக்கமுடியும், ஆட்களை வரச் சொல்லிவிட்டேன், ஏற்கெனவே மூன்று மாதம் நின்றுவிட்டேனே அம்மா என்றார். நின்றார்தான். என் பேச்சைக் கேட்டு நின்றார்.

கனுப் பொங்கலுக்கு மறுநாள் ஜேசிபி வந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கத்திரிச் செடிகளை யாரும் பிடுங்கக்கூட இல்லை. அப்படியே மண்ணோடு வாரினார்கள். ஜேசிபியின் வாயிலிருந்து காராமணிக் கொடி தொங்கிக்கொண்டே போய் டிப்பரில் விழுந்தது. மேல்மண் எங்கள் ஊரில் இதுவரை நான் பார்க்காத நிறத்தில் இருந்தது. சக்கை பாதிக்குமேல் கரைந்து, மண் உதிரியாக, காபித்தூள் நிறத்துக்கு வர ஆரம்பித்திருந்தது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அண்ணன் ஜேசிபிக்காரனிடமே நின்றுகொண்டார், என் பக்கம் திரும்பவில்லை.

அண்ணி வீட்டிலிருந்து ஒரு பழைய வாளியை எடுத்துவந்தேன். இன்னும் வாராத மூலையில் ஒரு செடியைச் சுற்றி மண்ணோடு தோண்டிக்கொண்டிருந்தபோது சூளைக்காரர் பார்த்துவிட்டார். எடுத்தது தப்போ என்று கையை நிறுத்தினேன். அவர் பக்கத்தில் வந்து, மண்வெட்டியை வாங்கி, வாளி நிறைய அவரே வாரிப் போட்டார்.

"தீஸ்கோம்மா. நீ மண்ணே கதா," என்றார். எடுத்துக்கம்மா, உன் மண்தானே என்று.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நிலம் இரண்டு அடி இறங்கி, வெளுத்த மொரம்பாகக் கிடந்தது. வரப்பு மட்டும் சுவர் மாதிரி நின்றது.

வாளியைத் திருப்பதியில் நான் குடியிருக்கிற மாடி வீட்டின் பால்கனியில் வைத்தேன். தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. ஊற்றக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். மாசி பிறந்து பத்து நாள் இருக்கும், காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். நுனியில் விட்டிருந்த இரண்டு புது இலையும் பச்சை. அடுத்த வாரம் செடி முழுக்கப் பச்சை, கறுக்கிற பச்சை. அப்புறம் ஊதாப் பூ. நான் சொன்னது எழுத்துக்கு எழுத்து பலித்தது. பூ விட்ட அன்று காலையும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சூரியன் சரியாகத்தான் உதித்தான், என்ன பிரயோசனம்?

போட்டோ எடுக்கவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

பங்குனியில் அண்ணன் முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கத் திருப்பதி வந்தார். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாளியை ஒளித்துவைத்திருப்பேன். காபி போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் பால்கனிக்குப் போய்விட்டார். செடியில் ஏழெட்டுக் காய் தொங்கியது.

"நல்லா காச்சிருக்குதே. இன்னா மண்ணுமா இது?"

பதினோரு வருடமாக மண்ணைப் பற்றி ஒரு பொய் எழுதாதவள் நான். யார் மிரட்டினாலும் கட்டத்தில் இருப்பதைத்தான் எழுதுவேன்.

"நர்சரில வாங்குனதுண்ணா," என்றேன். "தேங்கா நார் கலந்து விக்கிறாங்க."

அண்ணன் குனிந்து விரலை மண்ணில் விட்டார். உதிர்த்துப் பார்த்தார். ஒரு சிம்பு வந்தது. முக்கால்வாசி கறுத்துப்போன கரும்புச் சக்கை. அதைக் கட்டைவிரலில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்ப வாளிக்குள்ளேயே போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடினார். வாளியின் விளிம்பில் அண்ணியின் பெயர் ஆணியால் கீறியிருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. சீர் வரிசையில் வந்த வாளி.

காபியைக் குடித்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். கிளம்பும்போது ரெண்டு காய் பறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் பறித்து மருந்துப் பையிலேயே போட்டுக் கொடுத்தேன். படியில் இரண்டு எட்டு இறங்கிவிட்டு, திரும்பாமலே சொன்னார்.

"உங்க அண்ணி கேட்டா கடைல வாங்குனேன்னு சொல்லிக்கிறேன்."

சரிண்ணா என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.